நெடுங்கால் உள்ளானுக்கு எத்தனை விரல்?

ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஆறு இருபத்திரண்டு. வெப்பநிலை பதினான்கு டிகிரி. மூடுபனி; காற்று அறவே இல்லை. ஓசூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஏரியின் வடகரையில், என் வலது கால் கரைமேலும் இடது கால் முழங்கால் வரை சேற்றுக்குள்ளும் இருந்தன.

இடது காலின் செருப்பு எங்கே இருந்தது என்று அப்போது தெரியாது. இப்போதும் தெரியாது.

எழுபத்தொரு வயதில் ஒருவர் விடியற்காலையில் ஏரிச் சேற்றில் குனிந்து நிற்க நியாயமான காரணங்கள் மூன்றுதான் இருக்க முடியும். மோதிரம் விழுந்திருக்க வேண்டும். மாடு இறங்கியிருக்க வேண்டும். இல்லை, தலை சுற்றியிருக்க வேண்டும். என் காரணம் இந்த மூன்றிலும் சேராது. நான் ஒரு பறவையின் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணுகிறவனும் வரைகிறவரும்

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும். முன்பு ஒரு பகுதியில் எங்கள் தெருவில் எட்டு வேப்பமரங்கள் என்று எழுதியிருந்தேன். ஒன்பது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்குப் பதில்: ஒன்பதாவது மலைவேம்பு. அதை நான் தனியாக எண்ணுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. சிங்காரப்பேட்டையில் பிறந்தவன். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், ஆய்வுப் பிரிவில் இருபத்தேழு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் செய்ததை அளந்து பார்ப்பது என் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு கட்டுவேன். தவறினால் சிவப்புச் சீட்டு.

நஞ்சப்பா அதே தொழிற்சாலையில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் இருந்தவர். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவர் செய்த பொருள்களுக்கு நான் கட்டிய சிவப்புச் சீட்டுகள் மொத்தம் நாற்பத்தொன்று. அவர் முப்பத்தெட்டு என்பார். அந்த மூன்றைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. என்னை 'இன்ஸ்பெக்டரே' என்றுதான் கூப்பிடுவார். மரியாதை அதோடு சரி. அடுத்த சொல்லே 'நீ'யாக இருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு இருவர் வீடும் ஒரே தெருவில் அமைந்துவிட்டன. ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒன்றாக ஏரியைச் சுற்றினோம். ஒரு சுற்று இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது அடி. கோயிலைச் சுற்றுவது போல வலமாகத்தான் சுற்றுவோம். நடந்துகொண்டே நான் பறவைகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவேன். அவர் எண்ண மாட்டார். வரைவார்.

அவர் வரைவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் இயந்திர உறுப்புகளின் வரைபடங்களை மட்டுமே பார்த்த மனிதர். அதனால் ஒரு நீர்க்காகத்தை வரைந்தாலும் முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் என்று மூன்றாகத்தான் வரைவார். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்ட கோடுகள், மில்லிமீட்டரில் அளவுகள் எல்லாம் உண்டு. ஒரு கொக்கின் கழுத்துக்கு எதிரே '220, கூடக்குறைய 90' என்று எழுதியிருந்தார். இவ்வளவு விட்டுக்கொடுக்கலாமா என்று கேட்டேன். அது நீட்டுகிறது, மடக்குகிறது, அதற்கு நான் பொறுப்பா என்று திருப்பிக் கேட்டார்.

பார்த்ததும் சிரிப்பு வரும். இரண்டாவது நிமிடம் சிரிப்பு நின்றுவிடும். முன் தோற்றத்தில் அவருடைய நாரை, வரிசையில் இடையே புகுந்தவனைப் பார்க்கும் வங்கிக் காசாளரைப் போல நம்மைப் பார்க்கும். நாரை அப்படித்தான் பார்க்கிறது என்பது அப்புறம் ஏரிக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

யானையும் ஜால்ராவும்

நான் எண்ணுவதால் எனக்கு நண்பர்கள் குறைவு. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ஒருமுறை தெருவின் வாட்ஸ்அப் குழுவில், சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் கிளம்பியிருக்கின்றன, காலையில் யாரும் நடைக்குப் போக வேண்டாம் என்று செய்தி வந்தது. எத்தனை யானை என்று கேட்டேன். ஆறு என்றார் ஒருவர். எட்டு என்றார் இன்னொருவர். குட்டியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டேன். அதற்கு நஞ்சப்பா எழுதினார்: "இன்ஸ்பெக்டரே, நீ போய் எண்ணிட்டு வந்து சொல்லு. நாங்க வீட்டுக்குள்ளயே இருக்கோம்." இருபத்து நான்கு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். அதில் ஒன்று என் மனைவி பாக்கியம் போட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே போட்டாள்.

இன்னொன்று. எங்கள் பூங்காவில் சனிக்கிழமை மாலைகளில் பெண்கள் கூடிப் பாடுவார்கள். தமிழ் ஒன்று, தெலுங்கு ஒன்று, கன்னடம் ஒன்று என்று முறை வைத்துப் பாடுவார்கள். அதை நடத்துகிறவர் எதிர்வீட்டு சரோஜம்மா. பூங்காவின் மூலையில் இருக்கும் படிப்பக அறையையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மூன்று மொழியில் மூன்று நாளிதழ்கள், ஓர் அலமாரி, நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். தாளம் போட ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். எண்ணத் தெரிந்தவன் ஆயிற்றே.

நான்கு வாரம் ஜால்ரா போட்டேன். ஐந்தாவது வாரம், கண்ணை மூடி உருகிப் பாடிக்கொண்டிருந்த சரோஜம்மா கண்ணைத் திறந்து, பாட்டை நிறுத்தாமலே என் கையிலிருந்து ஜால்ராவை மெதுவாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் வாய்விட்டு எண்ணுகிறேனாம். சாமி பேரும் நம்பரும் மாறி மாறி வருகிறதாம். எனக்குத் தெரியவே தெரியாது.

எழுந்து போய்ப் பூங்காவின் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நஞ்சப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார். பாட்டு முடியும்வரை நான் தாளத்தை எண்ணினேன். அவர் கடலை தின்றார்.

எனக்கு இருந்த நண்பர் அவர் ஒருவர்தான். அந்த எண்ணிக்கையில் பிழை இல்லை.

சிவப்புச் சீட்டு

சென்ற டிசம்பரில் சரோஜம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நஞ்சப்பாவின் படங்களைப் படிப்பகத்தில் கயிறு கட்டி, துணிக்கிளிப்பில் மாட்டி, குடியரசு தினம்வரை வைப்பது. படம் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். விற்கிற பணம் படிப்பகத்தின் நாளிதழ்களுக்கு.

பதினேழு படங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு. ஒன்பது மணிக்கே என்னைக் கூப்பிட்டு, எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடு என்றார் நஞ்சப்பா. இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூப்பிட்டது அவர்தான்.

பதினாறு படங்களில் குறை இல்லை. பதினேழாவது நெடுங்கால் உள்ளான். கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் நீண்ட இளஞ்சிவப்புக் கால்கள். குளிர்காலத்தில் எங்கள் ஏரியின் ஓரத்தில் எப்போதும் நிற்கும். மூன்று தோற்றங்களோடு, கீழே இரண்டு பாதங்களையும் பெரிதாக்கித் தனியாக வரைந்திருந்தார். ஒவ்வொரு பாதத்திலும் முன்னால் மூன்று விரல். பின்விரல் இல்லை.

கோழிக்கு நான்கு. காக்கைக்கு நான்கு. கொக்குக்கு நான்கு. இங்கே ஆறுதான் இருந்தது, இரண்டு குறைந்தது.

என் சட்டைப்பையில் சிவப்புச் சீட்டு இருந்தது. ஓய்வு பெற்றபோது பழைய சீட்டுக்கட்டுகள் கொஞ்சம் என்னோடு வந்துவிட்டன. பாக்கியம் அவற்றைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டாள். புது ஊறுகாய் ஜாடிக்குப் பச்சை, பழசுக்குச் சிவப்பு. எனக்கும் ஒன்றிரண்டு பையில் இருக்கும். எடுத்து எழுதினேன்: 'விரல்: தேவை 8. உள்ளது 6. திருத்துக.' கையெழுத்துப் போட்டு, துணிக்கிளிப்பில் நூலால் கட்டினேன்.

தொழிற்சாலையில் அது உதவி. பொருள் வெளியே போவதற்கு முன் உள்ளேயே தவறு தெரிந்துவிட்டால் செய்தவருக்கு அவமானம் இல்லை. நஞ்சப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் சரோஜம்மா நாற்காலி எடுத்துப் போடக் கூப்பிட்டார். முப்பது நாற்காலிகள் போட வேண்டியிருந்தது. போட்டு முடித்தபோது மணி பத்து ஐந்து. சீட்டு மறந்துபோயிற்று.

முதலில் உள்ளே வந்தவர்கள் ஆனேக்கல்லிலிருந்து வந்த நஞ்சப்பாவின் சம்பந்தி குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பாக்கள், மொத்தம் ஒன்பது பேர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலையாட்டி, பதினேழாவதுக்கு வந்தார்கள். சம்பந்திக்குத் தமிழ் படிக்கத் தெரியும். சத்தமாகப் படித்தார். பிறகு கன்னடத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். காலை இவ்வளவு நீளமாகப் போட்டுவிட்டு விரலில் கஞ்சத்தனமா என்று சித்தப்பா ஒருவர் கேட்டார்.

நஞ்சப்பாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். டூல் ரூம் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டும்போது இவர் சிரிப்பாரே, அது.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். தெலுங்கில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தமிழில்தான் பேசினார், மெதுவாக.

"இருபத்தேழு வருஷம் நீ கட்டின சீட்டெல்லாம் சம்பளத்துக்கு. சரி. இதுக்கு உனக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?"

விரல் குறைகிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

"நான் பாத்துதான் போட்டேன்."

அவ்வளவுதான். சீட்டை அவர் அவிழ்க்கவில்லை. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. நானும் அவிழ்க்கவில்லை. தவறைத் திருத்தாமல் சீட்டை அவிழ்க்கக் கூடாது என்பதும் அதே விதிதான்.

இடமாகச் சுற்றியவர்

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையின் இரும்புக் கதவருகே நின்றேன். நஞ்சப்பா வந்தார். என்னைப் பார்க்காமல் கடந்து, ஏரியை இடமாகச் சுற்றத் தொடங்கினார். கோயிலில் யாரும் செய்யாத காரியம்.

நான் வலமாகப் போனேன். வடகரையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. அதனடியில் எதிர் எதிரே வந்தோம். அவர் ஏரியைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். இப்படி இருபது காலை நடந்தது.

ஒற்றை ஆளாக நடந்தால் சுற்று நீள்கிறது. அடி எண்ணிக்கை மாறவில்லை, சரிபார்த்துவிட்டேன். ஆனாலும் நீள்கிறது. நாற்பத்தேழு நாமக்கோழி என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் திரும்பிச் சொன்னால், அங்கே தூரத்து நெடுஞ்சாலையில் ஜூஜுவாடிப் பக்கம் ஊர்ந்து போகும் லாரிகளின் இரைச்சல் மட்டும் இருக்கும். வேறு ஒரு குழுவோடு நடந்து பார்த்தேன். மூன்றாவது நாள் அவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நான் சொன்னதுதான் சரி என்று நிரூபித்தால் அவர் வழிக்கு வருவார் என்று நினைத்தேன். சரோஜம்மாவின் கோழிகளைப் பிடித்து எண்ணினேன். ஏழு கோழி, எல்லாவற்றுக்கும் காலுக்கு நான்கு விரல். எழுதிக்கொண்டேன். ஜன்னலில் வந்த காக்கை, மின்கம்பியில் புறா, மைனா எல்லாவற்றுக்கும் நான்கு. பாக்கியம் அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, படத்துல இருக்கறது கோழியா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கோசரம் கோழியப் புடிச்சிக்கினு திரியறீங்க?"

பழைய குறிப்பேடுகளை எடுத்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்பது ஏடுகள். நெடுங்கால் உள்ளான் 14. நெடுங்கால் உள்ளான் 22. நெடுங்கால் உள்ளான் 31. எத்தனை என்று ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கிறேன். பாதத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. எப்படி இருக்கும்? அந்தப் பறவை எப்போதும் தண்ணீரில் நிற்கிறது. அதன் பாதத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இது எனக்கு இரவில் தூக்கம் கெடுத்த விஷயம் என்று சொல்ல மாட்டேன். பகலிலேயே போதுமான அளவுக்குக் கெடுத்தது. அளக்காத பொருளுக்குச் சீட்டு கட்டியவனை ஆய்வுப் பிரிவில் ஒரு நிமிடம் வைத்திருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு வந்து அப்படிச் செய்த இரண்டு பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் இதே மாதிரிதான் சார் என்று அவர்கள் சொன்னார்கள். நான் கோழியைப் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதேதான்.

பதினோரு தடங்கள்

ஆக, ஜனவரி பத்தொன்பது, ஞாயிறு. புங்கமரத்துக்குக் கீழே, தண்ணீர் வற்றிய ஓரத்தில் எட்டு உள்ளான்கள் நின்றிருந்தன. நான் இறங்கியதும் கீச்சிட்டுக்கொண்டு எழுந்து, அந்த நீளக் கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு பனிக்குள் போயின. அவை நின்ற இடத்தில் சேறு மாவு போல வழவழவென்று இருந்தது. தடங்கள் அச்சுப் பதித்த மாதிரி தெரிந்தன.

முதல் தடத்தில் மூன்று விரல். பின்னால் ஒன்றும் இல்லை. சேறு மூடியிருக்கலாம் என்று நினைத்து ஓர் அடி வைத்தேன். இரண்டாவதில் மூன்று. இன்னும் ஓர் அடி. அந்த அடியில்தான் இடது கால் இறங்கியது. இறங்கியபடியே எண்ணினேன். பதினோரு தடங்கள். பதினொன்றிலும் மூன்று.

காலை இழுத்தேன், வரவில்லை. மணி ஆறு இருபத்திரண்டு. நஞ்சப்பா எதிர்த்திசையில் புங்கமரத்தடிக்கு வரும் நேரம் ஆறு முப்பத்தைந்து. இருபது நாளும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. பதிமூன்று நிமிடம் காத்திருந்தால் போதும். அப்படிக் காத்திருந்ததில் இரண்டு நாமக்கோழிகள் என்னைச் சுற்றிப் போயின. என்னை ஒரு கட்டையாக ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஆறு முப்பத்தைந்துக்குப் பனிக்குள்ளிருந்து கம்பளிக் குல்லாய் வந்தது. பிறகு அதன் கீழே நஞ்சப்பா. மரத்தடியில் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை இன்ஸ்பெக்டரே?"

"மூணு" என்றேன். "பதினோரு தடம். எல்லாத்துலயும் மூணுதான்."

"அத கேக்கல. உன் கால். வெளிய எத்தனை இருக்குது?"

"ஒண்ணு."

"சரியா எண்ணிப் பாரு."

நாய்களுக்காக அவர் கொண்டுவரும் மூங்கில் தடியை நீட்டினார். இழுத்தார். கால் வந்தது. செருப்பு வரவில்லை. கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். அக்டோபர் மழைக்குப் பிறகே இதே இடத்தில் தடத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் வெர்னியர் அளவுகோலோடு வந்து அளந்ததாகச் சொன்னார். நடுவிரல் முப்பத்தாறு மில்லிமீட்டர். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே. பாத்துதான் போட்டேன்னு."

ஆமாம், சொன்னார். நான்தான் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பச்சைச் சீட்டு

என் சிவப்புச் சீட்டை நானே ரத்து செய்தது இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு முறையும் இல்லை. அதற்குப் பச்சைச் சீட்டு வேண்டும். வீட்டில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் ஜாடியின் கழுத்தில். பாக்கியம் தரும்போது, இதற்குப் பிறகு தவறு செய்வதாக இருந்தால் சீட்டு இல்லை என்று எச்சரித்தாள்.

பத்து மணிக்குப் படிப்பகத்துக்குப் போனோம். மற்றப் பதினாறு படங்களும் விற்று, 'விற்றது' என்று துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்புச் சீட்டு தொங்கிய படத்தை யாரும் கேட்கவில்லை. அவிழ்த்தேன். பச்சையில் எழுதிக் கட்டினேன்: 'விரல்: தேவை 6. உள்ளது 6. ஆய்வாளர் அளக்கவில்லை.' எண்ணெய் பட்டிருந்ததால் பேனா இரண்டு இடத்தில் வழுக்கியது.

சரோஜம்மா அதைத் தமிழில் ஒருமுறை சத்தமாகப் படித்தார். பிறகு தெலுங்கில். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த யாரோ கேட்டதற்காகக் கன்னடத்தில் நஞ்சப்பாவே மொழிபெயர்த்தார். போனில் அவருடைய சம்பந்திக்கும் ஒருமுறை படித்துக் காட்டப்பட்டது. அந்த நான்கு முறையும் நான் நின்றுகொண்டே கேட்டேன்.

படத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஐம்பது ரூபாயை எடுத்தேன். நஞ்சப்பா கையை மடக்கினார்.

"மத்தது அம்பது. இது விரல் கணக்கு. விரலுக்கு அம்பது."

ஆறு விரல், முந்நூறு என்று எண்ணி நீட்டினேன். அதையும் வாங்கவில்லை.

"நீ எழுதினது எத்தனை? தேவை எட்டுன்னுதானே? எட்டுக்கே குடு."

கொடுத்தேன். சரோஜம்மா மூன்று நாளிதழ்களுக்கும் இந்த மாதம் கவலை இல்லை என்றார்.

இப்போது நாங்கள் இருவரும் ஏரியை இடமாகச் சுற்றுகிறோம். திசையை மாற்றிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். நானும் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை. இந்தப் பக்கமாக நடந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு அடி வருகிறது. இரண்டு அடி எங்கிருந்து கூடுகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசிக்கொண்டு நடப்பதால் இருக்கும் என்கிறார் அவர்.

படம் எங்கள் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. பச்சைச் சீட்டோடுதான். வருகிறவர்கள் ஊறுகாய் வாசனை வருகிறது என்கிறார்கள்.

செலவு: படத்துக்கு நானூறு ரூபாய். ஒற்றைச் செருப்பு யாரும் விற்பதில்லை என்பதால் ஒரு ஜோடிக்கு இருநூற்று எண்பது. மொத்தம் அறுநூற்று எண்பது. இதில் நூறு ரூபாய், அந்தப் பறவைக்கு இல்லாத இரண்டு விரல்களுக்கு.